இருபதாம் நாளில் தளரும் தவக்காலம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் கோயில் நிறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு பேருந்து ஏறுகிறார்கள். அந்த வார வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு (இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் வழிபாடு) வாசல்படிவரை ஆள் நிற்கிறது. அடுத்த வாரம் கொஞ்சம் குறைகிறது. மூன்றாம், நான்காம் வாரங்களில் நாள்தோறும் பூசைக்கு வரும் பாட்டிமார், மரியாயின் சேனை என்னும் பக்திசபையார், பீடச்சிறுவர் நாலைந்து பேர் என்று சுருங்கிவிடுகிறது. பிறகு பெரிய வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறன்று ஓலை போதாமல் போகிறது. கடற்கரைப் பங்கானாலும் (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்தான் பங்கு) நகரத்துப் பங்கானாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இதே கதைதான். பங்குப்பேரவையில் இந்தப் பேச்சு வந்தால், சனங்களுக்குப் பக்தி போய்விட்டது என்று யாராவது முடித்துவைத்துவிடுவார்கள். இந்த முடிவு எனக்கு ஒருநாளும் ஒப்பியதில்லை. பக்தி போயிருந்தால் அதே சனங்கள் பெரிய வெள்ளியன்று மூன்று மணி வெயிலில் வந்து நிற்பார்களா? தளர்ச்சிக்கான காரணம் தவக்காலத்தை நாம் அடுக்கிவைத்திருக்கும் முறையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு பாரம், கடைசி வாரத்தில் பெரும்பாரம், நடுவில் ஒன்றுமில்லை. திருச்சபையோ தன் வழிபாட்டு நாள்காட்டியில் இளைப்பாறுதலையும் ஊக்கத்தையும் சரியாக அந்த நடுப்பகுதியில்தான் வைத்திருக்கிறது. நாம்தான் அதைக் கவனியாமல் கடந்துபோகிறோம்.

கணக்கு எளிது. திருநீற்றுப் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். ஞாயிறுகள் ஆறையும் கழித்தால் 40. அப்படி எண்ணினால் இருபதாம் நாள் மூன்றாம் வாரத்து வியாழக்கிழமையில் விழுகிறது. அதற்கு மூன்றாம் நாள், நான்காம் ஞாயிறு, லெத்தாரே என்னும் மகிழ்ச்சி ஞாயிறு. 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, நடுநாள் மார்ச் 12, மகிழ்ச்சி ஞாயிறு மார்ச் 15, அதே வாரத்தில் மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா. ஆக எட்டே நாளில் தவக்காலத்தின் பாதிவழி, ஒப்புரவுக்கென்று, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கென்று, குறிக்கப்பட்ட வெள்ளி சனி, மகிழ்ச்சிக்கென்று ஒரு ஞாயிறு, ஒரு பெருவிழா எல்லாம் அடங்கியிருக்கின்றன. நம் ஊர் வாழ்க்கையிலோ அதே மார்ச் மாதம்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு; அலுவலகங்களில் ஆண்டுக் கணக்கு முடிப்பு; வெயில் ஏறத் தொடங்கும் நேரம்; தென்மாவட்டங்களில் பதநீர் இறக்கும் பருவம். மாலை ஆறு மணிக்குக் கோயிலுக்கு வரமுடியாத குடும்பங்களை அலட்சியக்காரர் என்று எண்ணுவது அநியாயம்.

விட்டுப்போன ஒறுத்தல்

நடுவழியில் கூட்டம் குறைவதற்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காரணம் உண்டு. அது வெட்கம். திருநீற்றுப் புதனன்று மனத்துக்குள் எடுத்த தீர்மானம் பத்துப் பன்னிரண்டு நாளில் உடைந்திருக்கும். நாற்பது நாளும் அசைவம் இல்லை, தினமும் ஐம்பத்துமூன்றுமணி செபமாலை, மாலையில் தொலைக்காட்சி இல்லை, யார்மேலும் கோபம் இல்லை என்று நாலைந்தை ஒன்றாக எடுத்தவர்களுக்கு ஒன்று உடைந்ததும் எல்லாமே உடைந்ததுபோல் தோன்றும். இந்த ஆண்டு தவக்காலம் போய்விட்டது, பெரிய வாரத்தில் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுங்கிவிடுவார்கள். ஒறுத்தலை, அதாவது தவ முயற்சியை, ஒரு பந்தயமாக எண்ணியதால் வரும் துன்பம் இது.

இவர்களிடம் முதலில் சட்டத்தின் அளவைச் சொல்ல வேண்டும். திருச்சபை கடமையாகக் கேட்கும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு) திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டே நாள்களுக்கு. அதுவும் 18 வயது நிறைந்தவர் முதல் 59 முடியும்வரை உள்ளவர்களுக்கு. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 வயது நிறைந்தவர்களுக்கு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் பட்டினி கிடக்கத் தேவையில்லை. மற்றதெல்லாம் அன்பினால் நாமாகச் சேர்த்துக்கொள்வது. நாமாகச் சேர்த்ததை நாமாகக் குறைத்துக்கொள்ளலாம், அதில் பாவமில்லை. பெருவிழா ஒன்று தவக்கால வெள்ளியில் வந்தால் அன்று சுத்தபோசனக் கடமைகூட இல்லை என்கிறது சட்டம். ஞாயிறும் ஒருசந்தி நாளன்று. வாரத்தில் தவறியதை ஞாயிற்றுக்கிழமை பட்டினி கிடந்து ஈடுகட்டுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஆண்டவர் உயிர்த்த நாளை அப்படிச் செலவழிக்க வேண்டாம்.

பிறகு, மிஞ்சியிருக்கும் இருபது நாளுக்கு ஒரே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அது இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்ன அளவு என்று தெளிவாக இருக்கவேண்டும். 'அதிகமாகச் செபிப்பேன்' என்பது மூன்று நாள் தாங்காது. இரவு சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் முன் அன்றைய நற்செய்தியை ஒருவர் உரக்க வாசிப்பது என்றால் தாங்கும். ஐந்து நிமிட வேலை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் பாரமில்லை. மாலைத் தேநீரை விடுவதென்றால் அதன் 15 ரூபாயை அன்றைக்கே தவக்கால உண்டியலில் போட்டுவிட வேண்டும். இருபது நாளில் 300 ரூபாய் சேரும். பணம் கைமாறாத ஒறுத்தல் சிக்கனமாகத் திரிந்துபோகும் ஆபத்து உண்டு. நோன்பும் தர்மமும் சேர்ந்தே நடக்கவேண்டியவை. எடுத்த தீர்மானத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைப்பதும் நல்லது. ஒறுத்தல் உள்ளத்துக்குள் மட்டும் நின்றுவிடாமல் வெளிப்படையாகவும் சமூகமாகவும் இருக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லியிருக்கிறது. தனியாகத் தூக்கும் சுமைதான் பாதியில் நழுவுகிறது.

பூ வைக்கும் ஞாயிறு

மகிழ்ச்சி ஞாயிறன்று பீடத்தில் பூ வைக்கலாம். இசைக்கருவிகளைத் தனியாக வாசிக்கலாம். குருவானவர் ரோஜா நிறத் திருவுடை அணியலாம். வருகைப் பல்லவி எசாயா 66ஆம் அதிகாரத்திலிருந்து எருசலேமோடு சேர்ந்து அகமகிழ அழைக்கிறது. உரோமையில் இந்த ஞாயிறு திருச்சிலுவைப் பேராலயத்துக்குரியது. திருத்தந்தையர் பொன் ரோஜா மலரை ஆசீர்வதிக்கும் பழைய வழக்கமும் இந்த நாளுக்கே. ஆனால் அன்றும் 'உன்னதங்களிலே' என்னும் புகழ்கீதம் கிடையாது, அல்லேலூயா கிடையாது. உண்ணாதவன் முன் கொஞ்சம் கஞ்சி வைத்து, பயணம் முடியவில்லை, குடித்துவிட்டு நட என்று சொல்வதுபோன்ற மகிழ்ச்சி அது.

இந்த அடையாளம் நம் கோயில்களில் ஏன் எடுபடுவதில்லை? முதல் மூன்று வாரம் நாம் எதையும் நிறுத்துவதில்லை என்பதால்தான். தவக்காலத்தில் பீடத்தில் பூ கூடாது என்றதும் சிலர் பிளாஸ்டிக் பூவையும் குரோட்டன்ஸ் தொட்டிகளையும் வைத்து நிரப்பிவிடுகிறார்கள். பாடலுக்குத் துணையாக மட்டும் இசைக்க வேண்டிய கீபோர்டு, தாளப்பெட்டியோடு, முன்னிசை இடையிசை எல்லாம் சேர்த்து வழக்கம்போல் ஒலிக்கிறது. மூன்று வாரம் கண்ணும் காதும் பசித்திருந்தால்தான் நான்காம் ஞாயிறு பீடத்தில் இரண்டு கொத்து மல்லிகையைப் பார்த்ததும் கோயிலுக்குள் நுழையும் பிள்ளை அம்மாவின் கையை இழுத்து இன்றைக்கு என்ன என்று கேட்கும். ஆகவே பாடகற்குழுத் தலைவர் செய்யவேண்டிய ஆயத்தம் திருநீற்றுப் புதனுக்கு முன்பே தொடங்குகிறது: தாளத்தை அணைத்துவிடுவது, சுருதி மட்டும் பிடிப்பது, காணிக்கை நேரத்தில் மௌனம் விடுவது. நான்காம் ஞாயிறு காணிக்கைக்கு ஒரு புல்லாங்குழலோ வயலினோ தனியாக ஒலித்தால் போதும். ரோஜா நிற உடை விருப்பத்துக்கு உரியது, கட்டாயமில்லை. ஆண்டுக்கு இரண்டு ஞாயிறு மட்டும் அணிவதற்காக, கடனில் ஓடும் சிறு பங்கு அதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ஊதா உடையும் ஒரு கொத்துப் பூவும் அந்த நாளைக் கொண்டாடப் போதுமானவை.

குறுகிய வாசகத்தில் காணாமல்போகும் மனிதர்

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அன்றைய நற்செய்தியைப் பற்றியது. மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் ஞாயிறு வாசகங்களில் முதலாம் ஆண்டின் நான்காம் ஞாயிறுக்கு யோவான் 9ஆம் அதிகாரம் முழுவதும், 41 வசனங்கள், குறிக்கப்பட்டிருக்கிறது. பாஸ்கா இரவில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில்) திருமுழுக்குப் பெற ஆயத்தமாகும் பெரியவர்கள் பங்கில் இருந்தால் மற்ற ஆண்டுகளிலும் இதையே வாசிக்கலாம். குறுகிய வடிவமும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது: 1ஆம் வசனம், பிறகு 6 முதல் 9, 13 முதல் 17, 34 முதல் 38. வெயில், அடுத்த பூசை, அறிவிப்புகள், மறைக்கல்வி வகுப்பு என்று நேரம் நெருக்குவதால் பல இடங்களில் இந்தக் குறுகிய வடிவத்தையே எடுக்கிறார்கள். முழுதாக வாசித்தால் ஆறேழு நிமிடம். குறுக்கினால் மிச்சப்படுவது நாலு நிமிடம்.

அந்த நாலு நிமிடத்தில் என்ன போகிறது என்று பாருங்கள். குறுகிய வடிவத்தில் ஒருவர் பார்வை பெறுகிறார், பரிசேயர் விசாரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள், இயேசு அவரைச் சந்திக்கிறார், அவர் நம்புகிறார். எல்லாம் சட்டென்று நடந்துவிடுகிறது. வெட்டப்பட்ட 18 முதல் 33 வரையான வசனங்களில்தான் அவருடைய தாயும் தகப்பனும் வருகிறார்கள். பெற்ற மகனுக்குக் கண் வந்திருக்கிறது. தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர்களால் அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முடியவில்லை. அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று விலகிக்கொள்கிறார்கள். அந்த ஆளை இரண்டாம் முறை கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். இயேசு அருகில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை. பெற்றோரும் இல்லை. நடுவில், தன்னந்தனியாக, தனக்குத் தெரிந்த ஒரே செய்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்: முன்பு பார்வையில்லை, இப்போது இருக்கிறது. அதற்குமேல் இறையியல் எதுவும் அவரிடம் இல்லை. இருந்தும் அந்தத் தனிமையில்தான் அவருடைய பேச்சு வளர்கிறது. 11ஆம் வசனத்தில் இயேசு என்னும் மனிதர் என்றவர், 17இல் இறைவாக்கினர் என்கிறார், 33இல் கடவுளிடமிருந்து வந்தவர் என்று வாதாடுகிறார். விரட்டப்பட்ட பிறகுதான் இயேசு அவரைத் தேடிவந்து காண்கிறார். 38இல் அவர் பணிந்து வணங்குகிறார்.

தவக்காலத்தின் பாதியில் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதைவிட நெருக்கமான ஆள் விவிலியத்தில் கிடைப்பது அரிது. கண் திறந்த அற்புதம் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. மீதி அதிகாரம் முழுவதும் அற்புதத்துக்குப் பிந்திய களைப்பும் கேள்வியும் தனிமையும்தான். நாமும் திருமுழுக்கில் ஒளி பெற்றவர்கள். அதன்பின் நீண்ட நடுப்பகுதியில் வாழ்கிறவர்கள். ஆறுதல் சொல்லும் அந்தப் பகுதியையே வெட்டிவிட்டு நமக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? அறிவிப்புகளை இரண்டாகக் குறையுங்கள், முன்னுரையை நாலு வரியாக்குங்கள். இந்த நற்செய்தியைக் குறுக்காதீர்கள். நிற்க முடியாத முதியவர்களை உட்காரச் சொல்லிவிட்டு முழுதாக வாசியுங்கள். மறையுரையில் பெற்றோரின் பயத்தைப் பற்றிப் பேசுங்கள். ஊருக்குப் பயந்து வாய்மூடும் குடும்பங்கள் நம் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருக்கின்றன.

ஐம்பத்துநான்கு விநாடி

பெரிய வார ஒப்புரவைப் பற்றி ஒரு கணக்கு. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு குருவானவர் மணிக்குப் பன்னிரண்டு பேருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கலாம். மூன்று மணி நேரத்தில் 36 பேர். வரிசையில் 200 பேர் நின்றால்? 180 நிமிடத்தை 200ஆல் வகுத்தால் ஆளுக்கு 54 விநாடி. சிலுவை அடையாளம் போட்டு, பாவங்களைச் சொல்லி, மனஸ்தாப மந்திரம் சொல்லவே அது காணாது. பல வருடம் கழித்து நடுங்கிக்கொண்டு வந்து முழந்தாளிட்ட ஒருவர் பின்னால் நிற்பவர்களின் இருமலைக் கேட்டுப் பாதியைச் சொல்லாமல் எழுந்துபோகிறார். இதில் குருவானவரைக் குறைசொல்ல இடமில்லை; அவரும் ஓய்ந்துபோயிருப்பார். 1988ஆம் ஆண்டு வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட பாஸ்கா விழாக்கள் குறித்த சுற்றுமடல், ஒப்புரவு வழிபாடுகளைப் பாஸ்கா முப்பெரும் நாள்களுக்கு (பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை) முன்பே நடத்தவும், பெரிய வியாழன் மாலைப் பூசைக்கு ஒட்டினாற்போல் வைக்காமலிருக்கவும் சொல்கிறது.

அதற்குப் பொருத்தமான இடம் இந்த நடுவாரம்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தொடங்கிவைத்த 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' நான்காம் ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, சனியில் வருகிறது. ஒரே நாளில் எல்லாப் பங்கிலும் நடத்த மறைவட்டத்தில் (அருகருகேயுள்ள பங்குகளின் தொகுதியில்) குருக்கள் போதமாட்டார்கள். ஆகவே மூன்றாம், நான்காம் வாரங்களில் பங்குக்கு ஒரு மாலை என்று பிரித்துக்கொண்டு ஆறு குருக்கள் ஒன்றாகச் சுற்றிவருவது நடைமுறைக்கு ஒத்துவரும். பொதுவான இறைவார்த்தை வழிபாடு, ஆத்தும சோதனை எல்லாம் சேர்ந்து அரை மணி. பிறகு தனித்தனிப் பாவசங்கீர்த்தனம் ஒன்றரை மணி. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஆறு குருக்களிடம் 108 பேர் வரலாம். வெளிப்பங்குக் குருவிடம் மனம் திறப்பது பலருக்குச் சுலபம் என்பது இன்னொரு நன்மை. ஒலிபெருக்கியில் மெல்லிய பாட்டு ஓடிக்கொண்டிருக்கட்டும், பேசுவது வெளியே கேளாதிருக்க. நாற்காலிகளை ஒன்றுக்கொன்று போதிய அளவு தள்ளி, சுவரைப் பார்க்கப் போடவேண்டும். பிள்ளைகள் மறந்துபோன ஐந்து காரியங்களையும் – பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது – ஒரு தாளில் அச்சிட்டுப் பெஞ்சில் வைத்தால், பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வதென்று கேட்க வெட்கப்படும் பெரியவர்களுக்கும் உதவும்.

இரவில் நற்கருணை ஆராதனை வைப்பதென்றால் மணிக்கணக்கை அன்பியங்களுக்கு (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களுக்கு) பிரித்துக் கொடுக்கவேண்டும். தனித்தனி ஆளாகப் பெயர் எழுதச் சொன்னால் நள்ளிரவு இரண்டு மணிக் கட்டம் காலியாகவே இருக்கும். பெண்களுக்கும் தேர்வுப் பிள்ளைகளுக்கும் இரவு ஒன்பது வரை. பத்து முதல் விடிகாலை வரை வின்சென்ட் தே பால் சபையார், இளைஞர். அதிகாலை நாலு மணி எப்படியும் எழுந்துவிடும் முதியவர்களுக்கு. ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது இரண்டு பேர். நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. ஆள் திரளாது என்று தெரிந்தால் அந்த நேரத்தில் நற்கருணையைப் பேழையில் எழுந்தேற்றிவிட்டுக் காலையில் மறுபடி தொடங்கலாம். ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் அப்படி நிறுத்த வேண்டாம் என்கிறது சடங்குநூல். அதே கோயிலில் பூசை நடக்கும்போது ஆராதனை தொடரக்கூடாது என்பது பலரும் மறக்கும் விதி. மணிக்கு முக்கால் பங்கு மௌனமாக விடுங்கள். நம்மவர்களுக்கு மௌனம் பயமாக இருப்பதால் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. களைத்து வந்தவருக்கு அந்த மௌனம்தான் மருந்து.

தெருவுக்கு வரும் சிலுவை

மூன்றாம், நான்காம் வெள்ளிகளில் சிலுவைப்பாதையைக் கோயிலுக்கு வெளியே எடுத்துப்போவது பல பங்குகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. பதினான்கு நிலைகளையும் ஓர் அன்பியத்தின் தெருவில், படுக்கையில் கிடப்பவர்கள், மாதக்கணக்கில் கோயிலுக்கு வராதவர்கள், அண்மையில் சாவு நடந்த வீடுகள் ஆகியவற்றின் வாசலில் வைக்கலாம். ஒரு நிலைக்கு இரண்டரை நிமிடம் என்றால் 35 நிமிடம், நடையோடு சேர்த்து ஐம்பதுக்குள் முடியும். இங்கே கெடுவது பெரும்பாலும் புத்தகத்தால். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பக்கச் சிந்தனை, ஒரு சமூகப் பிரச்சினை, ஒரு மன்றாட்டு, ஒரு பாட்டு என்று ஐந்து நிமிடம் இழுத்தால் எழுபது நிமிடம் ஆகிவிடும். ஒன்பதாம் நிலையில் மூன்றாம் முறை விழும் ஆண்டவரோடு சனமும் விழும். மூன்று வரிச் சிந்தனை, கொஞ்சம் மௌனம், 'எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி', அடுத்த நிலை. ஒலிப்பெட்டியை முன்கூட்டியே சார்ஜ் போட்டு வைக்கவேண்டும்; மற்ற மதத்தாரின் வீட்டு வாசலில் நிற்பதானால் ஒரு நாள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் தண்ணீர் வைத்துக் காத்திருப்பார்கள். சிலுவையை அந்தந்த வீட்டாரே அடுத்த வீடுவரை தூக்கட்டும். கோயிலுக்கு வர வெட்கப்பட்டவர் தன் வாசலுக்கு வந்த சிலுவையைத் தோளில் வாங்கியபின் வரும் ஞாயிறு வராமல் இருப்பது கடினம்.

மார்ச் மாதம் முழுவதும் சூசையப்பர் வணக்க மாதம் என்பதால் 19ஆம் நாள் பெருவிழாவை இந்த ஓட்டத்தில் சேர்ப்பது எளிது. அன்று 'உன்னதங்களிலே' பாடப்படும், அல்லேலூயா மட்டும் இல்லை. அசனம் (பொதுவிருந்து) வைக்கும் வழக்கமுள்ள ஊர்களில், சேர்ந்திருக்கும் தவக்கால உண்டியல் பணத்தில் ஒரு பங்கை அந்தச் சாப்பாட்டுக்கு எடுத்து, படுக்கையாளர் வீடுகளுக்கு நற்கருணையோடு ஒரு பொட்டலமும் கொண்டுபோகலாம். ஒரு நற்கருணைப் பணியாளருக்கு எட்டு வீட்டுக்கு மேல் வைக்கவேண்டாம். உட்கார்ந்து பேச நேரம் வேண்டும்.

இவை எதையும் திருநீற்றுப் புதனுக்குப் பிறகு யோசித்தால் நடக்காது. அதற்குள் குருக்களின் தவக்கால நாள்கள் தியானங்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும், பாடகற்குழு பழைய பட்டியலை எடுத்திருக்கும். ஜனவரி மறைவட்டக் கூட்டத்தில் மூன்றாம், நான்காம் வார மாலைகளைப் பங்குவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பங்குப்பேரவை தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறுநாள் தாள் இல்லாத மாலையாகப் பார்த்துத் தேதி குறிக்கவேண்டும்.